பெருசும் பியானோ அட்டைகளும்

ஜனவரி 7, புதன்

வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? எழுபது சொச்சம் மென்பொருள்களை அவள் தலையில் கட்டலாம். இன்று அதுதான் நடந்தது.

எங்கள் தன்னார்வலர் குழுவின் மாதக் கூட்டம். ஆயிரக்கணக்கான இலவச மென்பொருள்களைப் பொருத்திப் பார்த்து, தொகுப்புகளாகக் கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடும் கூட்டம் இது. ஆளுக்குச் சில தொகுப்புகள் பொறுப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. வீட்டுக்காரரிடம் ஒருமுறை இதை விளக்கியபோது, "சம்பளம்?" என்றார். கிடையாது. "அப்புறம் என்னதான் உண்டு?" சண்டை உண்டு.

இன்றைய பேச்சு பழைய தரவுத்தள லைப்ரரியைப் பற்றி. மற்ற நிரல்கள் தங்கள் தகவல்களைப் போட்டு வைக்கவும் தேடி எடுக்கவும் உதவும் துணை நிரல் அது. நாங்கள் 'பெருசு' என்று கூப்பிடுவோம். அதை எழுதியவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. ஆனாலும் எழுபது சொச்சம் நிரல்கள் இன்னும் அதன் தோளில்தான் சாய்ந்து கிடக்கின்றன. ஏப்ரல் இருபதாம் தேதி கதவடைப்பு. அதன் பிறகு புதிதாக எதையும் உள்ளே விடமாட்டார்கள், கோடையில் வெளியீடு. அதற்குள் பெருசை வழியனுப்பாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் கட்டி அழவேண்டும்.

"யார் எடுத்துக்கிறீங்க?" என்றார் வாசல்காரர். வெளியீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. எது உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்பவர் என்பதால் அந்தப் பெயர். எல்லோரும் மைக்கை அணைத்தார்கள். "நான் பார்க்கிறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யாருடா இந்த ஏமாளி என்று பார்த்தால் நான்.

ஜனவரி 10, சனி

பட்டியலைக் கையில் எடுத்தேன். முதல் பத்தில் நாலு, பெருசைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு ஒருநாளும் தொட்டதே இல்லை. ஒரு வரியை நீக்கினால் வேலை முடிந்தது. ஒருவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் 'தற்காலிக ஏற்பாடு' என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். தற்காலிகம் என்றால் இவர்கள் ஊரில் இதுதான் போலும்.

இதே வேகத்தில் போனால் பிப்ரவரியில் முடித்துவிடலாம். ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் எல்லோரும் முதல் அடியில் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு

பட்டியலில் நாற்பத்தொன்றாவது நம் வீட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது!

அது ஒரு சின்ன அட்டை நிரல். அட்டை அட்டையாகக் குறிப்பு எழுதி வைக்கலாம், பெயர் சொல்லித் தேடலாம், அவ்வளவுதான். உலகத்தில் அதை இன்னும் பயன்படுத்துகிறவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் மாடி அறையில் இருக்கிறது. என் நாத்தனார்.

நாத்தனாருக்கு வேலை பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வீடு வீடாகப் போவாள். அவளுக்கு நானும் அவரும் வைத்த பெயர் பாம்புச்செவி. இந்த வீட்டில் அவள் காதுக்குத் தப்பிய பொருள் எதுவும் இல்லை. பிரிட்ஜ் கால் சுருதி இறக்கமாகப் பாடுகிறதாம். அவருடைய குறட்டை தாளம் தப்புகிறதாம். வரவேற்பறையில் அவருடைய அத்தை கொடுத்த பழைய பியானோ ஒன்று நிற்கிறது. வாசிக்க ஆளில்லாததால் என் சோதனைக் கம்ப்யூட்டரை அதன் தலைமேல் வைத்திருக்கிறேன். அதைக் கடக்கும்போதெல்லாம் பாம்புச்செவி, "அண்ணி, அது மேசை இல்ல" என்பாள். நானும் "தெரியும்மா" என்பேன். மூன்று வருஷமாக இந்த உரையாடல் ஒரு எழுத்து மாறாமல் நடக்கிறது.

அவள் போய் வந்த ஒவ்வொரு பியானோவுக்கும் அந்த நிரலில் ஒரு அட்டை. "இதை மாத்தப் போறேன்" என்று இன்று சொன்னேன்.

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது?"

"உள்ள இருக்கிற லைப்ரரி பழசு."

"என் சுத்தியலும்தான் பழசு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க அண்ணி."

பயப்படாதே, உனக்கு ஒன்றும் தெரியாமலே மாறிவிடும் என்று சொன்னேன். ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 2, திங்கள்

தொகுப்புக்காரர்களுக்கெல்லாம் கடிதம் போட்டிருந்தேன், 'பெருசை விட்டுவிடுங்கள், மாற்று இதோ' என்று. பதில்கள் வந்தன. ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர், அந்தத் தொகுப்பு தன் பெயரில் இருப்பதே இப்போதுதான் தெரியும் என்றார். ஒருவர், குழந்தை பிறந்திருக்கிறது, நீயே செய்துவிடு என்று பூங்கொத்துப் படம் அனுப்பினார். பூங்கொத்தை நான்தானே அனுப்பவேண்டும்?

பாம்புச்செவியின் அட்டை நிரலுக்குப் பொறுப்பானவர் ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தார்.

"வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்து அடுத்த பதிலை அனுப்பினார்.

"ஓடுது."

கல்லுளிமங்கன். இனி இவருக்கு இதுதான் பெயர்.

பிப்ரவரி 9, திங்கள்

பாம்புச்செவிக்கு நல்ல சேதி. இசை அரங்கத்துப் பெரிய பியானோவை இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெறுகிறார். அவர் லீவு போடும்போதெல்லாம் போய்ப் பார்த்தது இவள்தான். மார்ச் 18 கச்சேரிக்கு இவளையே சுருதி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. பஸ்ஸும் பையுமாக அலையவேண்டாம்.

"அந்தப் பியானோ லேசுப்பட்டது இல்ல அண்ணி. மூணு குளிர்காலம் அதுகூடப் போராடி ஒவ்வொண்ணா எழுதி வெச்சிருக்கேன். அட்டையைப் பார்க்காம கை வைக்க மாட்டேன்" என்றாள். சொல்லும்போது கையில் இருந்த கரண்டியால் மேசையைத் தட்டிப் பார்த்து, "இது பரவாயில்ல" என்று சான்றிதழும் கொடுத்தாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஐம்பத்திரண்டு முடிந்தது. முதுகு முறிந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

கல்லுளிமங்கனோடு மல்லுக்கட்டு. அவருடைய நிரலை நானே மாற்றி எழுதி, புது லைப்ரரியோடு கட்டி, சோதித்து, 'இதோ பாருங்கள்' என்று அனுப்பினேன். இந்தமுறை வாக்கியமே எழுதியிருந்தார். முன்னேற்றம்தான்.

"ஏற்கெனவே இருக்கிற அட்டையெல்லாம் என்ன ஆகும்?"

"சோதனை எல்லாம் பச்சை" என்று எழுதினேன். எங்கள் வழக்கத்தில் பச்சை என்றால் தேறியது, சிவப்பு என்றால் தோற்றது. பச்சையைக் காட்டினால் எதிராளி வாயடைத்துப் போவான்.

"நான் சோதனையைக் கேட்கலை."

அதோடு சரி. பிறகு பேச்சில்லை. இந்த மனிதரிடம் வார்த்தைகளுக்கு ரேஷன் போலிருக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

எங்கள் குழுவில் ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் தொகுப்பில் கைவைக்கலாம், ஆனால் உடனே நுழைக்கக்கூடாது. காத்திருப்பு வரிசையில் போட்டுவிட்டுப் பத்து நாள் பொறுக்கவேண்டும். பொறுப்பானவருக்குப் பிடிக்காவிட்டால் அதற்குள் ஒரு சொல் சொல்லித் தடுத்துவிடலாம். கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்பதுபோல.

இன்று தட்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

கல்லுளிமங்கன் தடுக்கவில்லை. மௌனம் சம்மதம். உள்ளே போய்விட்டது. நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் டிக் போட்டபோது, பேனா கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டது.

மார்ச் 11, புதன்

எழுபத்து மூன்றில் அறுபத்தெட்டு! வாசல்காரர் குழுவில் எல்லோர் முன்னாலும், "இவங்களைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று எழுதினார். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "இதை ஃபிரேம் போட்டு அந்தப் பியானோமேல மாட்டிடலாமா?" என்றார். அங்கேதான் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறதே.

மார்ச் 13, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது பாம்புச்செவி லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அண்ணி, என் பியானோவெல்லாம் காணோம்."

திரையில் அந்த அட்டை நிரல், பல் தேய்த்த முகத்தோடு, 'முதல் அட்டையைச் சேர்க்கவும்' என்று வரவேற்றுக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலமே அப்படித்தான் இருந்ததாம். சரியாகிவிடும் என்று மூடி வைத்திருக்கிறாள். சரியாகுமா? எப்படிச் சரியாகும்? செய்தவளே நான்தானே!

நடந்தது இது. அவள் லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தது நான். வெளியீட்டுக்கு முன்னால் வரும் புது வரவுகளை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும்படி வைத்தேன். வீட்டிலேயே ஒரு உண்மையான பயனாளி இருந்தால் நல்லதே என்று — அவளிடம் கேட்கக்கூட இல்லை. நேற்று என் மாற்றம் அங்கே போய் இறங்கியிருக்கிறது. அந்த நிரல் இரண்டு கோப்பு வைத்திருக்கும். பெரியதில் அட்டைகள், சின்னதில் எந்த அட்டை யாருடையது என்ற பெயர்கள். புது நிரல் சின்னதைத் திறந்து, 'இது எனக்குப் புரியவில்லை' என்று துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதிவிட்டது. பெரியதைத் தொடவில்லை. ஆனால் அதைப் படிக்கப் பெருசு வேண்டும். பெருசைத்தான் கழற்றி எறிந்தாயிற்றே.

காப்பு நகல்? இருந்தது. நான் எழுதிய நிரல்தான் தினமும் எடுக்கிறது. நேற்று ராத்திரியும் கடமை தவறாமல் காலிப் பெயர்ப்பட்டியலை நகலெடுத்து, நல்லதை அழித்துவிட்டிருக்கிறது. அப்படி ஒரு விசுவாசம்.

நான் இத்தனை சோதனை செய்தேனே, எல்லாம் எங்கே? அப்போதுதான் உருவாக்கிய, ஒன்றுமே இல்லாத வெற்று இயந்திரங்களில். அங்கே பழைய அட்டை ஏது? பச்சை வராமல் என்ன செய்யும்! கல்லுளிமங்கன் அதைத்தானே கேட்டார். ஏற்கெனவே இருக்கிற அட்டை. ஏற்கெனவே இருக்கிற.

புதன்கிழமை கச்சேரி.

அவள் கத்தவில்லை. திட்டவும் இல்லை. "பார்த்துச் சொல்லுங்க அண்ணி, நன்றி" என்றாள்.

நன்றியாம். எனக்கு. அவள் என்னிடம் நன்றி சொன்னதே கிடையாது. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 14, சனி

நேற்று கல்லுளிமங்கனுக்கு எழுதினேன். மானத்தை விட்டு, உள்ளதை உள்ளபடி. நாலு நாள் கழித்து 'ம்' என்று பதில் வரும் என்று நினைத்தேன். உடனே வந்தது, பக்கம் பக்கமாக.

பெரிய கோப்பைத் தொடாதீர்கள், முதலில் நகல் எடுங்கள். போன வெளியீட்டின் களஞ்சியத்தில் பெருசு இன்னும் இருக்கும், அதை ஓர் ஓரமாக நிறுவுங்கள், இந்தக் கட்டளையைக் கொடுங்கள். கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோல் ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். மதியத்துக்குள் அட்டைகள் வெளியே வந்துவிட்டன. பெயர் மட்டும் இல்லை. வரிசையும் இல்லை. பெருசு தன் வசதிக்குக் கலைத்துப் போட்டு வைக்கும் ரகம். சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி வந்து விழுந்தன.

அவரிடம் கேட்டேவிட்டேன். பத்து நாள் இருந்ததே, ஏன் தடுக்கவில்லை?

"கேள்வி கேட்டேனே. அதுக்கப்புறமும் வரிசையில போட்டீங்க. அப்போ யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். மௌனமா இருந்தீங்க, சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்."

அவர் மௌனத்தை நானும், என் மௌனத்தை அவரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நல்ல ஜோடி. நடுவில் பியானோக்காரி.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அட்டைகள் இருக்கின்றன, யாருடையது என்று மட்டும் தெரியவில்லை என்றேன். "படிங்க. நான் சொல்றேன்" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் படிக்க அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"வலது பெடல் மழை நாளில் முனகும்."

"பல் டாக்டர்."

"காலடியில் நாய் படுத்திருக்கும். மிதிக்காதே."

"கணக்கு டீச்சர். நாய் இப்ப இல்ல. அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க... வேண்டாம், இருக்கட்டும்."

"கட்டைகளுக்கு நடுவில் குழந்தை பொத்தானைப் போட்டிருக்கிறது. எடுத்தாயிற்று. மறுபடி போட்டிருக்கிறது."

"வக்கீல் வீடு. அந்தப் பொடிசுக்கு இப்ப கல்யாண வயசு."

"வீட்டம்மா வாசித்துக் காட்டுவார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் காபி வரும். மனசாட்சியைப் பார்க்காதே."

இதற்கு அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. "பேங்க் மேனேஜர்" என்று மட்டும் சொன்னாள்.

இப்படியே போனது. மனிதர்களைப் பெயரால் தெரிந்து வைத்திருப்போம், முகத்தால் தெரிந்து வைத்திருப்போம். இவள் ஊரையே அதன் இருமலாலும் முனகலாலும் தெரிந்து வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த அட்டைகளில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. 'நாற்பத்தொன்று' என்றுதான் எனக்குத் தெரியும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இடையில் ஒன்று வந்தது. "நடுவில் மூன்று தந்தி மந்தம். மேலிருந்து சூடு." அதற்கு மேல் படிக்கவிடவில்லை. "யாரோ. தள்ளுங்க அண்ணி" என்றாள். யாரோ என்றே பெயர் கொடுத்தேன். இத்தனையில் ஒன்று தெரியாமல் போனால் என்ன?

அரங்கத்து அட்டை மட்டும் வரவே இல்லை. மதியம் தாண்டியது. வீட்டுக்காரர் சமைத்துக் கொண்டுவந்து வைத்ததை இருவரும் தொடவில்லை. கடைசிக் கத்தையில் இது வந்தது.

"மேல் கோடியில் நாலாவது தந்தி கிழம். ஒரே மூச்சில் முடுக்கினால் அறுந்துவிடும். மூன்று தவணையாக ஏற்று. மேடை விளக்குகளைப் போடச்சொல்லிவிட்டுத் தொடங்கு. சூட்டில் இதன் குணம் மாறும்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அரங்கம்" என்றாள். மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கைவைத்தேன். தட்டிவிடவில்லை.

மார்ச் 16, திங்கள்

பியானோமேல் இருந்த கம்ப்யூட்டரை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. அவள் இரண்டு தரம் கடந்து போனாள். ஒரு வார்த்தை இல்லை.

அவள் லேப்டாப்பில் பழைய நிரலையும் பெருசையும் திரும்ப வைத்தாயிற்று. பெருசு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 18, புதன்

ஆபீசில் உட்கார முடியவில்லை. மேல் கோடியில் நாலாவது தந்தி, மேல் கோடியில் நாலாவது தந்தி என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வந்ததும் அவர் கேட்டார், "என்னாச்சு?" "நல்லாப் போச்சுண்ணா." என்னிடம், "உங்க உதவிக்கு ரொம்ப நன்றி அண்ணி." மறுபடியும் நன்றி. பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஏதாவது சொல்லமாட்டாளா என்று காத்திருந்தேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 21, சனி

குழுவுக்கு எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். நாற்பத்தொன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், என் சோதனைகள் எல்லாம் வெற்று இயந்திரத்தில் செய்தவை, தகவலைச் சேமித்து வைக்கும் மற்ற தொகுப்புகளையும் பழைய கோப்பு வைத்து மறுபடி பார்க்கப்போகிறேன் என்று. 'இவங்களைப் பார்த்துக் கத்துக்குங்க' என்பதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்தது அந்தக் கடிதம். கத்துக்கொள்ளட்டும்.

தேடிப் பார்த்ததில் இன்னும் இரண்டு தொகுப்புகளில் இதே குளறுபடி. ஒன்றில் யாரோ ஒரு மிருக வைத்தியரின் குறிப்புகள் போயிருக்கும்.

வாசல்காரர் திட்டுவார் என்று பார்த்தேன். "கதவடைப்புக்கு முன்னாடியே மாட்டிச்சே. வெளியீட்டுக்கு அப்புறம்னா ஊர்ப்பட்ட பேர் வந்து நின்னிருப்பாங்க. உங்க வீட்டுல ஒருத்தர்தான் வந்தாங்க" என்றார்.

அந்த ஒருத்தர் போதாதா?

ஏப்ரல் 3, வெள்ளி

கல்லுளிமங்கனும் நானும் இப்போது தினம் பேசுகிறோம். பெருசின் பழைய கோப்பைப் படிக்க மட்டும் தெரிந்த ஒரு குட்டி நிரலை அவர் எழுதுகிறார். முதல் தடவை திறக்கும்போதே அது பழைய அட்டைகளைப் படித்துப் புதிதுக்கு மாற்றும், பழையதைத் துடைக்காமல் ஓரமாக வைக்கும். பெருசும் வேண்டாம், அட்டையும் போகாது. சோதனைகள் என் பொறுப்பு. இந்தமுறை அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நிஜமான பழைய அட்டை ஒண்ணு வேணும். நீங்க உட்கார்ந்து கற்பனையா எழுதினது வேண்டாம். யாராவது வாழ்ந்து எழுதினது."

அதைத் தொகுப்போடு சேர்த்தே வைப்போம். யார், எங்கே இதைக் கட்டினாலும் முதலில் அந்த அட்டையைத் திறந்து, எழுத்துக்கு எழுத்து சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகும்.

பாம்புச்செவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். யோசித்தாள்.

"ஒண்ணு தர்றேன். ஆனா அவருக்கு நேரா அனுப்பிடறேன். நீங்க பார்க்கக் கூடாது."

நியாயம்தான். என் கையில் கொடுக்க அவளுக்கு எப்படி மனசு வரும்?

ஏப்ரல் 9, வியாழன்

அரங்கத்து வேலை அவளுக்கே! மேலாளர் போன் செய்தாராம். சாவிக்கொத்தைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். வீட்டுக்காரர் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் சாவிக்கொத்தை ஆட்டி, "இது என்ன சுருதி?" என்று கேட்டேன். சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, சனி

கல்லுளிமங்கன் தன் கையாலேயே தொகுப்பை ஏற்றிவிட்டார். காத்திருப்பு வரிசை இல்லை, மௌனம் இல்லை. "பாருங்க" என்று எழுதியிருந்தார். இருந்த அவசரத்தில் பச்சையை மட்டும் பார்த்தேன். திருந்தமாட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

கதவடைத்தாயிற்று. எழுபத்து மூன்றும் முடிந்தது. பெருசு வெளியே. வாசல்காரர் ஒரு வணக்கம் வைத்தார். எல்லோரும் பெருசுக்கு ஒரு வரி எழுதினார்கள். 'எங்களை இத்தனை நாள் சுமந்ததற்கு' என்று நானும் எழுதினேன். கிண்டலாகத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது கிண்டலாக இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

நேற்று வெளியீடு. இன்று காலை பாம்புச்செவி லேப்டாப்போடு இறங்கி வந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, புது வெளியீட்டுக்கு மாறும் பொத்தானை அவளே அழுத்தினாள். அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பல் டாக்டர், கணக்கு டீச்சர், வக்கீல் வீடு, அரங்கம், யாரோ. "இருக்கு" என்றாள். லேப்டாப்பை மூடிக்கொண்டு அரங்கத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

யாரோ.

அவள் போனபிறகுதான் உறைத்தது: அன்று படிக்கவிடாமல் தள்ளிய அட்டையும், நான் பார்க்கக் கூடாது என்ற அட்டையும் ஒன்றா? போய்த் தொகுப்பைத் திறந்தேன். சோதனைக்கு என்று வைத்திருக்கும் கோப்பை, கல்லுளிமங்கன் ஏப்ரலிலேயே 'பாருங்க' என்று சொன்னதை, இன்றுதான் பார்த்தேன். அதில் இருந்த அட்டை இது.

'நடுவில் மூன்று தந்தி மந்தம். மேலிருந்து சூடு: கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். மேசை இல்லை என்று சொல்லியாயிற்று. தெரியும் என்கிறார்கள். பக்கத்தில் பிரிட்ஜ், கால் சுருதி இறக்கம். வீட்டில் ஒருவருக்கும் காது கிடையாது. வாசிப்பாரும் கிடையாது. இருந்தும் வருஷம் தவறாமல் சேர்த்து வை. மார்ச் 16: கம்ப்யூட்டரை எடுத்துவிட்டார்கள். கண்டுகொள்ளாதே, கண்டுகொண்டால் திரும்ப வைப்பார்கள். கட்டணம் கேட்காதே. நம்ம வீடு.'

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் எட்டிப் பார்த்து, "யாருக்குடி காது கிடையாது?" என்றார்.

உலகத்தில் எந்த மூலையில், எந்த இயந்திரத்தில் இந்தத் தொகுப்பைக் கட்டினாலும், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காது கிடையாது என்பது எழுத்துப் பிசகாமல் சரிபார்க்கப்படும். தேறினால் பச்சை.

உடனே கல்லுளிமங்கனுக்கு எழுதினேன். அந்த அட்டையை எடுத்துவிட்டு வேறு ஒன்று, கௌரவமாக ஒன்று, வைக்கலாமே?

பதில் வந்தது.

"வேண்டாம். ஓடுது."